மூச்சை விடும்போதும் மோப்பம் பிடிக்கும் நாய்

ஒஸ்லோவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: மலையில் ரிப்பே வேட்டைக்கு முதல் நாய் வாங்கப் போகிறேன், இங்கிலீஷ் செட்டரா, ஜெர்மன் பாயின்டரா? (இரண்டுமே பறவையின் வாசம் வந்ததும் அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கும் வேட்டைநாய்கள்.) (ரிப்பே, குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் ஒரு காட்டுக்கோழி.) எதுவானாலும் சரி, குட்டியின் தாயும் தகப்பனும் மலையில் வேலை செய்தவையா என்று பாருங்கள், கண்காட்சிக் கோப்பைகளை நம்பி வாங்காதீர்கள். வாசம் வந்ததும் சிலையாக நிற்பது ரத்தத்தில் வருவது. பாய்வதற்கு முன் ஓநாய் பதுங்கும் அந்த ஒரு கணத்தைத்தான் மனிதர்கள், நன்றாக நிற்கும் நாய்களையே பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கி, நீட்டியிருக்கிறார்கள். முதல் தடவை வெளியே கூட்டிப்போன குட்டியே அப்படி நிற்பதை டார்வின் நேரில் பார்த்திருக்கிறார்.

எனக்குப் பிடித்தது மூக்கு. நின்று முகரும் நாய் நொடிக்கு ஏறக்குறைய 5 தடவை காற்றை இழுத்து இழுத்து விடும். ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டு எதிர்காற்றில் பறக்கிற செட்டர்? அதற்குத்தான் மூச்சிரைக்குமே! 1996-இல் நார்வேயில் யோஹான் ஸ்டீன் குழுவினர் வேட்டையாடும் நாய்களின் மூச்சை அளந்து பார்த்தார்கள். நாய் வாயால் மூச்சை வெளியே விடும் நேரத்திலும் மூக்கில் காற்று உள்ளேதான் போய்க்கொண்டிருந்தது, அதுவும் 30 மூச்சுகளுக்குக் குறையாமல், 40 நொடி வரைகூட! பள்ளியில் படித்த பெர்னூலி விதிதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். நுரையீரலிலிருந்து வாய்க்கு வேகமாகப் பாயும் காற்று வழியில் அழுத்தத்தைக் குறைக்கிறது, மூக்கிலுள்ள காற்று அந்தப் பக்கம் உறிஞ்சப்பட்டு வாய் வழியாகவே வெளியேறுகிறது. பழைய கொசு மருந்துக் கைப்பம்பில், குழாய்க்கு மேலே ஊதுகிற காற்று மருந்தை மேலே இழுக்குமே, அதே வித்தை. மோப்பம் அறுவதே இல்லை. நாய் மூச்சை அளக்கப் பணம் கொடுங்கள் என்று நம்மூரில் விண்ணப்பித்தால் சிரித்தே அனுப்பிவிடுவார்கள், அது வேறு கதை.

பயிற்சிக்கு வருவோம். நார்வேயில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை நாயை அவிழ்த்துவிடக் கூடாது, செப்டம்பர் 10-இல் வேட்டை தொடங்கிவிடும், ஆகவே அடிப்படையை முற்றத்திலேயே முடித்துவிடுங்கள்: கூப்பிட்டால் வருவது, பறவை எழும்பினால் துரத்தாமல் உட்காருவது. வெடிச்சத்தத்தைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள், ஒருமுறை மிரண்டால் மீட்பது பெரும்பாடு. தூண்டில் கம்பில் சிறகைக் கட்டி ஆட்டும் விளையாட்டு ஒன்றிரண்டு நாள் போதும், அது மூக்கை விட்டுக் கண்ணைத்தான் பழக்குகிறது. அப்புறம் மலைக்குப் போனால் எப்போதும் காற்றுக்கு எதிராகவே அவிழ்த்துவிடுங்கள். நாய் தலையை நிமிர்த்தி, வாயைப் பிளந்துகொண்டு ஓடினால், முகராமல் விளையாடுகிறதே என்று தரையைக் காட்டித் திட்டாதீர்கள்.