விமானம் ஏன் வட்டமடிக்கிறது? ஒரு பழைய ஆவ்ரோ விமானி சொல்கிறேன்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பாபநாசத்தில் ஸ்கூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். பொரிகடலைத் தட்டோடு வந்த எதிர்வீட்டுப் பெண் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். டிவியில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, வானத்திலேயே வட்டமடிக்கிறது.

"மாமா, சுத்திக்கிட்டே இருக்காமே, விழுந்துடுமா?"

"உம் பையன் இதுலயா போறான்?"

"இல்ல மாமா, அவன் போன வாரமே போய்ச் சேந்துட்டான். இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவிலேயே நாலு வீட்டுப் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். "சுத்துதுன்னா நல்லதும்மா, உக்காரு" என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து முறைத்தாள்.

அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு எடைக் கணக்கு உண்டு. கிளம்பும்போது இவ்வளவு வரை இருக்கலாம், இறங்கும்போது இவ்வளவுக்கு மேல் கூடாது என்று. அன்று வட்டமடித்த போயிங் 737-800 வகையில் முதலாவது சுமார் 79 டன், இரண்டாவது சுமார் 66 டன். வளைகுடா வரை போவதற்கு நிரப்பிய எண்ணெய், போகிற வழியில் எரிந்து தீர்ந்துவிடும் என்பது கணக்கு. கிளம்பிய கையோடு திரும்ப வேண்டி வந்தால் அத்தனையும் டேங்கிலேயே கிடக்கும். அந்த எடையோடு ரன்வேயில் உட்கார்ந்தால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் பாரம் அதிகம், ஓடி நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும். கோளாறு ஹைட்ராலிக்கில் என்றால் பிரேக்கைப் பற்றியும் யோசிக்க வேண்டும். திருச்சி ரன்வேயின் நீளம் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான்.

எண்ணெயைக் கீழே கொட்டிவிட வேண்டியதுதானே என்பார்கள். 747, 777 மாதிரிப் பெரிய விமானங்களில் அதற்கு வசதி உண்டு. 737-இல் கிடையாது, ஏர்பஸ் 320-லும் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு இரண்டரை டன் வாக்கில் எரியும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹைட்ராலிக் என்பதும் பூச்சாண்டி இல்லை. டிராக்டர் டிப்பரை எண்ணெய் அழுத்தம் தூக்குகிறதே, அதே வேலைதான்; இங்கே சக்கரம், பிரேக், இறக்கை அசைவுகளுக்கு. இது எரிகிற எண்ணெய் இல்லை, வேறு. 737-இல் இரண்டு பிரதான அமைப்புகள், அவற்றுக்குத் துணையாக ஒன்று. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். சக்கரத்தைக் கையால் விடுவித்து, அதன் எடையிலேயே கீழே இறங்க வைக்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் புத்தகத்தைப் பிரித்து வரி வரியாகச் சரிபார்க்க நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் வானத்தில் சுற்றி வாங்குகிறார்கள். தீப்பிடித்திருந்தால் யாரும் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். எடை எவ்வளவாக இருந்தாலும் உடனே இறக்கிவிட்டு, சக்கரத்தை அப்புறம் சோதித்துக்கொள்வார்கள்.

நான் பறக்க ஆரம்பித்தது ஆவ்ரோவில். கான்பூரில் தயாரான ஹெச்.எஸ். 748 விமானத்தைத்தான் அப்படிச் சொல்வோம், ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் என்ஜின் இரண்டு. அந்த என்ஜினின் கீச்சொலி இன்றும் காதில் இருக்கிறது. இறக்கை, வால் அசைவுகளுக்கு ஹைட்ராலிக் உதவி கிடையாது, எங்கள் கைபலம்தான். இன்னொரு பக்கம் ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப் விமானம் ஓட்டிய நண்பர்களுக்குச் சக்கரமும் பிரேக்கும் காற்றழுத்தத்தில் வேலை செய்தன. எது உசத்தி என்று சென்னை கேன்டீனில் நாங்கள் போட்ட சண்டைக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. ஆவ்ரோவில் ஏறும் எடைக்கும் இறங்கும் எடைக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். எண்ணெய் எரிக்க என்று நாங்கள் சுற்றியதில்லை. எங்களைச் சுற்ற வைத்தது மழை.

ஓர் ஐப்பசி சாயங்காலம். சென்னையிலிருந்து திருச்சி. வழக்கமாகக் கொள்ளிடத்து மணல் வெள்ளையாகத் தெரியும், அப்புறம் ஸ்ரீரங்கம் தீவு, காவிரி, மலைக்கோட்டை, அதைத் தாண்டினால் ரன்வே. அன்றைக்கு எல்லாம் ஒரே சாம்பல். எங்கள் திசை காட்டும் கருவியில் விமான நிலையத்து ரேடியோவைப் பார்த்து நிற்க வேண்டிய முள், மின்னல் வெட்டும்போதெல்லாம் இடிமேகத்தின் பக்கம் ஓடியது. அந்தக் கருவியின் குணமே அது, பெரிய இடி எங்கே இருக்கிறதோ அங்கே கை காட்டும். கேப்டன் நிதானமாகச் சொன்னார்: "மழை நகரட்டும். மதுரை போற எண்ணெயில மட்டும் கை வெக்காத." திருச்சியில் இறங்க முடியாவிட்டால் மதுரைக்குத்தான் போக வேண்டும்.

வட்டத்துக்கும் அளவு உண்டு. ஒரு நிமிடம் திரும்பு, ஒரு நிமிடம் நேரே போ, மறுபடி ஒரு நிமிடம் திரும்பு, ஒரு நிமிடம் நேரே வா. சுற்றுக்கு நான்கு நிமிடம். களத்தில் நெல் போரடிக்கிற மாடு மாதிரி ஐந்து சுற்று. ஆறாவது சுற்றில் மேகம் கிழிந்து ஈர ரன்வே தெரிந்தது, இறங்கினோம். படியில் இறங்கிய பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, மலைக்கோட்டை எங்க இருக்குன்னு கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இருபது நிமிடத் தாமதம் வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. இன்று விமானத்தைக் காட்டும் செயலி எல்லோர் கையிலும் இருக்கிறது. கோடு வளைந்தால் வயிற்றில் புளி கரைகிறது. ரன்வே ஓரம் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வரிசையில் நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் அவ்வளவுதான். அவசரநிலை என்று அறிவித்துவிட்டாலே அவை வந்து நிற்க வேண்டும், அது நடைமுறை. அந்தப் படத்தை உள்ளே இருப்பவரின் அம்மாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள். திருச்சிக்கு வண்டி கட்டிக்கொண்டு ஓடவும் வேண்டாம், ஆம்புலன்ஸ் போகிற ரோட்டைத்தான் அடைப்பீர்கள்.

நீங்கள் உள்ளே இருந்தால் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். வெளியேறச் சொன்னால் மேலே இருக்கும் பையைத் தொடவே கூடாது. துபாய் சாக்லேட்டாக இருந்தாலும் சரி. தரைக்குக் கிட்டே வந்த விமானம் திடீரென்று உறுமிக்கொண்டு மேலே ஏறினாலும் இதே கதைதான். காற்று மாறியிருக்கும், அல்லது முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு விலகியிருக்காது. ஏறிப் போய்ச் சுற்றிக்கொண்டு வருவார்கள். நான் எத்தனை முறை அப்படி ஏறியிருப்பேன் என்று எண்ணி வைத்ததில்லை.

ஆயுத பூஜை அன்று இரவு எட்டேகால் மணி வாக்கில் அந்த ஷார்ஜா விமானம் சாதாரணமாக வந்து இறங்கியது, சுமார் 140 பேரும் பத்திரம். எதிர்வீட்டுப் பெண் அதுவரை எழுந்து போகவில்லை. "அப்ப எண்ணெய் தீந்துடுச்சா மாமா?" என்றாள். தீரவில்லை, குறைந்திருக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு மடியிலிருந்த தட்டைப் பார்த்தாள். பொரி நமுத்துப் போயிருந்தது.