ஊரடங்கு மச்சத்துக்குத் தெரியாது

முதுகில் இருக்கும் மச்சத்தை நாமே பார்ப்பது அரிது. கூட இருப்பவர்தான் கேட்பார்: "இது முன்னாடி இவ்வளவு பெரிசா இருந்துச்சா?" கொரோனா காலத்தில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று வந்த பதில், "எல்லாம் அடங்கட்டும், அப்புறம் காட்டிக்கலாம்." வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மச்சத்தைக் காட்டப் போய்த் தொற்றை வாங்கி வரவேண்டுமா என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் மாறும் மச்சம் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம்; இங்கே காத்திருப்பின் விலை நாட்களில் இல்லை, மில்லிமீட்டரில் இருக்கிறது.

மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட் என்ற செல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக உட்கார்ந்திருக்கும். மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுப்பது அவற்றின் வேலை. அவை ஒரே இடத்தில் கூட்டம் போட்டால் மச்சம். சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் 'பிராஃப்' என்ற மரபணுவில் ஒரு பிழை இருக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் ஏறக்குறைய பாதியிலும் அதே மரபணுதான் கெட்டிருக்கிறது! வேறுபாடு எங்கே என்றால், மச்சத்தின் செல்கள் கொஞ்ச காலம் பெருகிவிட்டுத் தாமாகவே பிரேக் போட்டு நின்றுவிடுகின்றன. அதனால்தான் பல மச்சங்கள் இருபது, முப்பது ஆண்டுகள் அப்படியே கிடக்கின்றன. திடீரென்று ஒன்று வளர்கிறது, நிறம் மாறுகிறது என்றால், அந்த பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மெலனோமாக்களில் பெரும்பாலானவை பழைய மச்சத்திலிருந்து வருவதில்லை, வெறும் தோலில் புதிதாக முளைக்கின்றன. நடுத்தர வயதுக்குப் பிறகு வந்த 'புது மச்சம்' என்றால் எனக்குக் கூடுதல் சந்தேகம் வரும்.

மேல்தோல் உடம்பின் பெரும்பகுதியில் ஒரு தாளின் தடிமன்தான், சுமார் 0.1 மி.மீ. அதில் ரத்தக்குழாய் கிடையாது. புற்றுச் செல்கள் அதற்குள்ளேயே பக்கவாட்டில் படரும் வரை, வெட்டி எடுத்தால் நோயின் கதை முடிந்தது. கீழே இறங்கிவிட்டால் ரத்தமும் நிணநீரும் ஓடும் இடம், அங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். இந்த ஆழத்தை நுண்ணோக்கியில் அளந்தாலே நோயின் போக்கு பெருமளவு தெரிந்துவிடும் என்று 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் காட்டினார். இன்றும் மெலனோமா அறிக்கையில் முதலில் தேடும் எண் அதுதான். 1 மி.மீ.க்குள் இருப்பதும் 4 மி.மீ. தாண்டியதும் கிட்டத்தட்ட இரண்டு வேறு நோய்கள்.

பரவலாகக் காணப்படும் மெலனோமா வகை மெதுவாகவே ஆழம் போகும். முடிச்சு போலத் திரளும் வகை அப்படியல்ல, மாதத்துக்குச் சுமார் அரை மி.மீ. இறங்கக்கூடியது. மூன்று மாதம் தள்ளிப்போட்டால் ஒன்றரை மி.மீ. அதிலும் ஒரு வில்லங்கம்: ஓரம் கோணலாக இருக்கிறதா, பல நிறம் தெரிகிறதா, 6 மி.மீ.க்கு மேல் போயிற்றா என்று நாம் பார்க்கும் அடையாளங்களில் பல இதற்குப் பொருந்தாது. உருண்டையாக, ஒரே நிறத்தில், சில சமயம் கருப்பே இல்லாமல் சிவப்பாகக்கூட இருக்கும். நம்பக்கூடிய அடையாளம் 'மாறுகிறது' என்பது ஒன்றுதான். கருத்த தோல் உள்ளவர்கள் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியையும் பார்க்க வேண்டும். பாடகர் பாப் மார்லியின் மெலனோமா கால்விரல் நகத்தடியில்தான் தொடங்கியது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36.

ஊரடங்கில் பலருக்கும் கிடைத்த வழி, படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புவது. நல்ல வழிதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். தோலின் மேற்பரப்பு ஒளியைச் சிதறடித்துப் பளபளக்கும். மருத்துவரின் டெர்மாஸ்கோப் என்ற கைக்கருவி அந்தப் பளபளப்பை அடக்கி, பத்து மடங்கு பெரிதாக்கி, உள்ளே நிறமி பின்னியிருக்கும் வலையைக் காட்டும். போன் கேமராவுக்கு அது தெரியாது. தொட்டுப் பார்க்கவும் முடியாது. "உடனே வாருங்கள்" என்று சொல்ல ஒரு படம் போதும். "வரவே வேண்டாம்" என்று சொல்ல மங்கலான படம் போதாது.

வீடியோ அழைப்பில் படம் குழையும் என்பதால் புகைப்படமே மேல். ஜன்னல் வெளிச்சம், பிளாஷ் வேண்டாம், பக்கத்தில் ஒரு ஸ்கேல். தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று. போனை ஒட்டிக்கொண்டு போனால் கலங்கும். சற்று விலக்கிப் பிடித்து ஜூம் செய்யுங்கள்.

நேரில் போனால் பார்ப்பதற்குச் சில நிமிடம்தான். மாஸ்க் போட்டிருந்து, அதற்குள் மறையும் கன்னத்து மச்சம் என்றால் மட்டும், தொற்று பரவாமலிருக்க மாஸ்க்கைக் கழற்றும் அந்த ஒரு நிமிடம் பேசாமல் இருங்கள். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் சுமார் 2 மி.மீ. தோலோடு முழு மச்சத்தையும் எடுத்துத் தையல் போடுவார்கள். அது திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்குச் சீவப்பட்டு, சாயமேறி நுண்ணோக்கிக்கு வரும். பிரெஸ்லோ சொன்ன ஆழத்தை அளப்பது அப்போதுதான். மருத்துவரிடம் போகப் பயந்து லேசரிலோ, கடையில் வாங்கிய களிம்பிலோ மச்சத்தைப் பொசுக்கியவர்களுக்கு இந்த அளவு கிடைக்காது. மேலே ஆறிய வடு இருக்கும். அளப்பதற்குத் திசு மிஞ்சியிருக்காது.