கிரேஜ்: சாயத்துக்குக் காத்திருக்கும் நிறம்

அமெரிக்க வீட்டு அலங்காரப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் சொல் கிரேஜ். சாம்பலும் இல்லாமல் வெளிர்பழுப்பும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு சுவர் வண்ணத்தின் பெயர் அது. பெயிண்ட் விற்பவர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் எளிமையானது: சாம்பலைக் குறிக்கும் ‘கிரே’, வெளிர்பழுப்பைக் குறிக்கும் ‘பேஜ்’, இரண்டையும் ஒட்டினால் கிரேஜ். இன்றைய பொருளுக்கு இந்த விளக்கம் போதும். ஆனால் சொல் அதைவிடப் பழையது. வீடெங்கும் சாம்பல் பூசி அலுத்துப்போனவர்கள் எதனால் அலுத்தார்கள் என்பதற்கு அந்தப் பழைய பொருளிலேயே விடை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

சொல் பிறந்தது துணித் தொழிலில். இத்தாலிய மொழியில் ‘கிரெஜ்ஜோ’ என்றால் பக்குவப்படுத்தாத, பச்சையான என்று பொருள். பட்டுக்கு அடைமொழியாக வந்த அந்தச் சொல் பிரெஞ்சில் ‘கிரெஜ்’ ஆகி, கச்சாப் பட்டைக் குறித்தது. பட்டுப்புழு விடும் இழையின் மேல் செரிசின் என்ற பசை மூடியிருக்கும்; எடையில் ஏறத்தாழ கால்பங்கு அந்தப் பசைதான். சோப்பு நீரில் வேகவைத்துப் பசையை நீக்கிய பிறகே பட்டுக்கு நாம் அறிந்த மினுமினுப்பு வரும், சாயமும் சீராகப் பிடிக்கும். அதற்கு முன் அது விறைப்பாக, மங்கலாக, மஞ்சளா சாம்பலா என்று சொல்லமுடியாத ஒரு நிறத்தில் கிடக்கும். அந்த நிலைக்குப் பெயர்தான் கிரெஜ். முதலில் அது நிறத்தின் பெயரே அல்ல, வேலை முடியாத நிலையின் பெயர்.

ஆங்கிலத் துணி வணிகம் இதைப் பட்டோடு நிறுத்தவில்லை. தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத, சாயமிடாத எந்தத் துணிக்கும் கிரேஜ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒலி நெருக்கத்தால் ‘கிரே துணி’ என்றும் சொன்னார்கள். அந்தத் துணி உண்மையில் சாம்பல் நிறமாக இருக்கவேண்டியதில்லை. வெளுக்காத பருத்தி பார்வைக்குப் பாலாடை நிறம்தான்.

பேஜ் என்ற சொல்லின் கதையும் ஆச்சரியமாக இதே இடத்தில் வந்து சேர்கிறது. பழைய பிரெஞ்சில் அது சாயமேற்றாத, ஆட்டின் இயல்பான நிறத்திலேயே விடப்பட்ட கம்பளித் துணி. ஆக, கிரேஜை இரு நிறங்களின் கலவையாகப் பார்த்தாலும் சரி, பிரெஞ்சுச் சொல்லின் வழித்தோன்றலாகப் பார்த்தாலும் சரி, அடியில் இருப்பது சாயம் ஏறாத துணி.

நமக்கு இந்தத் துணி அந்நியமில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகளில் இரவும் பகலும் நெய்து குவிக்கிறார்களே காடா துணி, அதேதான் இது. நூல் வணிகரிடமிருந்து பாவு வரும். கூலிக்கு நெய்து கொடுப்பார்கள். பாவுக்குப் போட்ட கஞ்சிப்பசை, பருத்திக்கொட்டையின் சிறு துணுக்குகள், இயல்பான மெழுகு எல்லாம் ஒட்டியபடியே துணி தறியை விட்டு இறங்கும். பசை நீக்கி, வேகவைத்து, வெளுத்து, சாயப்பட்டறைக்கோ அச்சுக்கோ அனுப்புவது அடுத்த கட்டம். அந்தக் காடா நீலப் படுக்கைவிரிப்பு ஆகுமா, பூப்போட்ட தலையணை உறை ஆகுமா என்பதைத் தறி ஓட்டுபவர் தீர்மானிப்பதில்லை. வாங்குபவர் தீர்மானிக்கிறார்.

சுவருக்கு இந்த நிறம் வந்த வழியும் ஏறத்தாழ அப்படித்தான். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் அமெரிக்க வீடுகளில் இத்தாலிய டஸ்கனிப் பாணி என்ற பெயரில் மஞ்சளும் தேன்பழுப்பும் ஆண்டன. பிரிட்டனில் வாடகை வீடு என்றாலே மக்னோலியா என்ற பாலாடை மஞ்சள். அந்த மஞ்சள்மீது வந்த சலிப்புதான் சாம்பலுக்குக் கதவு திறந்தது. இன்று சாம்பலைத் திட்டுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது: 2010இல் அது தூய்மையாகவும் புதிதாகவும் மூச்சுவிட இடம் தருவதாகவும் இருந்தது. ஸ்காண்டிநேவிய வீடுகளின் மேல் எழுந்த மோகமும் சேர்ந்துகொண்டது. சுவீடனில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் காலத்திலேயே (1771–1792) முத்துச்சாம்பல் பூசிய மரச்சாமான்கள் ஒரு பாணியாக வளர்ந்திருந்தன. இங்கிலாந்தின் டோர்செட்டில் 1946இல் தொடங்கிய ஃபாரோ அண்ட் பால் நிறுவனத்தின் வண்ண அட்டையில் ‘யானையின் மூச்சு’ என்றொரு சாம்பல் உண்டு. அப்படி ஒரு பெயரைச் சூட்டியவர்கள் சாம்பலை நேசித்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

அந்த நேசம் வேறொன்றாக மாறியது வீட்டு விற்பனையில். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் கடனில் மூழ்கிய வீடுகளை மலிவாக வாங்கி, அவசரமாகப் பழுதுபார்த்து, லாபம் வைத்து விற்பது ஒரு தொழிலாகப் பெருகியது. அந்தத் தொழிலுக்கு யாருக்கும் பிடிக்காமல் போகாத ஒரு நிறம் வேண்டியிருந்தது. ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தின் 7029ஆம் எண் வண்ணத்தின் பெயரே ‘அக்ரீயபிள் கிரே’, அதாவது எல்லோரும் ஒத்துக்கொள்ளும் சாம்பல். பெஞ்சமின் மூர் நிறுவனத்தின் ‘ரெவியர் பியூட்டர்’ வெள்ளீயப் பாத்திரத்தின் பெயரைத் தாங்கியது. இரண்டுமே கிரேஜ் வகை. சுவரில் இவை, தரையில் சாம்பல் நிற வினைல் பலகை, சமையலறை அலமாரியில் மீண்டும் சாம்பல். வீட்டை வாங்கியவரும் அதை மாற்றவில்லை. நாளைக்கு விற்கும்போது விலை குறைந்துவிடுமோ என்ற அச்சம் அவருக்கும் இருந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். கிரேஜ் பூசிய வீடு இன்னொருவருக்காக நிறுத்திவைத்த வீடு, காடா துணியைப்போல. குடியிருப்பவருக்குச் சொந்த வீட்டிலேயே தன் விருப்பத்தை எழுத இடமில்லாமல் போயிற்று. மக்கள் அலுத்தது அதனால்தான், சாம்பல் என்ற நிறத்தினால் அல்ல.

அலுப்பு வெளிப்படையாகவே தெரிந்தது. அமெரிக்காவில் அந்த நிறத்துக்கு ஒரு தலைமுறையின் பெயரையே சூட்டி ‘மில்லெனியல் கிரே’ என்று கேலி பேசத் தொடங்கினார்கள். வண்ண நிறுவனங்களின் ஆண்டுத் தேர்வுகளை வரிசையாகப் பார்த்தால் காற்று திரும்பியது தெரியும். பெஞ்சமின் மூர் 2019இல் தேர்ந்தது ‘மெட்ரோபாலிட்டன்’ என்ற சாம்பல். 2023இல் ‘ராஸ்ப்பெர்ரி பிளஷ்’ என்ற பளிச்சிடும் செந்நிறம். பான்டோன் நிறுவனம் 2021இல் ‘அல்டிமேட் கிரே’ என்ற சாம்பலை அறிவித்தபோதே அதைத் தனியே விடவில்லை, கூடவே ஒரு பளீர் மஞ்சளையும் வைத்தது. 2025க்கு அவர்கள் தேர்ந்தது ‘மோக்கா மூஸ்’ என்ற காப்பிப் பழுப்பு.

இந்த விவாதத்தில் ஓர் ஆய்வை அடிக்கடி இழுப்பார்கள். பிரிட்டனின் அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் 7,000க்கும் மேற்பட்ட பொருள்களின் ஒளிப்படங்களைக் கணினியால் அலசி 2020இல் வெளியிட்டார்கள். 1800 தொட்டு இன்றுவரை வரும்போது பொருள்களில் சாம்பலின் பங்கு கூடிவருவது தெரிந்தது. உலகமே நிறமிழக்கிறது என்று இதை வைத்துச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. மரமும் பித்தளையும் இருந்த இடத்தில் எஃகும் பிளாஸ்டிக்கும் வந்ததைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. அருங்காட்சியகத்தின் தொலைபேசியும் கேமராவும் ஒருவர் வீட்டுக் கூடத்தின் சுவரும் ஒன்றல்ல.

சலிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது முழுக்க ஒளியைச் சேர்ந்தது. வெள்ளையில் வெறும் கருப்பைக் கலந்தால் கிடைக்கும் சாம்பல் கண்ணுக்கு நீலம் பாய்ந்ததுபோலத் தெரியும். அதைத் தணிக்க மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் சில துளி சேர்ப்பார்கள். கிரேஜ் அப்படித்தான் உருவாகிறது. துளிகளின் கணக்கு கொஞ்சம் மாறினால் ஊதா ஏறும், பச்சை ஏறும். பிரிட்டனில் வடக்குப் பார்த்த அறைக்கு நேர் வெயில் கிடையாது. வானத்தின் நீல ஒளிதான் உள்ளே வரும். அங்கே சாம்பல் குளிர்ந்து உறைந்ததுபோல ஆகிவிடும். நம் ஊரில் வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் இரவில் 6500 கெல்வின் வெள்ளை டியூப் லைட்டைத்தான் பெரும்பாலும் போடுகிறோம். வண்ண அட்டையில் இதமாகத் தெரிந்த சாம்பல் அந்த வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிச் சுவர்போல நிற்கும். பல்பை மஞ்சள் சாயல் ஒளி தரும் 2700 அல்லது 3000 கெல்வினுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் பெயிண்டரைக் கூப்பிடலாம். தரையில் பதித்த டைல்ஸோ வினைல் பலகையோ சாம்பலாக இருந்தால் பல்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியும் இல்லை, அவற்றைப் பெயர்த்தெடுக்கப் பெயிண்ட்டைப்போலப் பல மடங்கு செலவாகும்.

இனித் தமிழுக்கு வருவோம். கடையில் நாம் சொல்வது ஆஷ் கலர், சிமெண்ட் கலர். இரண்டாவது பெயர் முக்கியமானது. நம் பக்கத்தில் சிமெண்ட் நிறச் சுவர் என்றால் பூச்சு முடிந்து பெயிண்ட் அடிக்காத சுவர். பணம் போதாமல் கிரகப்பிரவேசத்தை மட்டும் முடித்துக் குடிவந்த வீடுகளின் நிறம் அது. காசு கொடுத்து அதே நிறத்தைச் சுவரில் அடிக்கும்போது வீட்டுப் பெரியவர்கள், “இன்னும் வேலை பாக்கி இருக்கா?” என்று கேட்டால் அது ரசனைக்குறைவு ஆகாது. கிரேஜ் என்ற சொல்லின் பழைய பொருளை அவர்கள் தாமாகவே தொட்டுவிடுகிறார்கள்.

எழுத்துத் தமிழில் சாம்பல் நிறம் என்கிறோம். சாம்புதல் என்றால் வாடுதல், ஒடுங்குதல், ஒளி மழுங்குதல். பழுப்பு என்பது பழுத்தலிலிருந்து வந்தது. பழுத்த ஓலையின், நாள்பட்ட காகிதத்தின் நிறம். ஆகவே கிரேஜுக்கு நேர்ச்சொல் வேண்டுமென்றால் சாம்பலையும் பழுப்பையும் புணர்த்தி ‘சாம்பற்பழுப்பு’ என்று எழுதலாம். இலக்கணம் இடிக்காது, கேட்டவுடன் நிறமும் மனதில் வரும். பழுப்பு என்றால் இன்று பலருக்கு அடர்ந்த காப்பி நிறமே தோன்றுவதால், மென்மையான சாயலுக்கு ‘வெளிர்சாம்பற்பழுப்பு’ என்று நீட்டுவதைவிடக் கடைப்பேச்சில் ‘சந்தனச் சாம்பல்’ என்று சொல்வது எளிது. சந்தன கலர் என்றால் எந்தப் பெயிண்ட் கடைக்காரரும் அட்டையைப் புரட்டாமலே எடுத்துக் காட்டுவார்.

துணியைக் குறிக்கும் கிரேஜுக்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை. பருத்திக்குக் காடா இருக்கிறது. பட்டுக்குக் கோரா இருக்கிறது. வெளுக்காத, பதப்படுத்தாத என்ற பொருளில் கோவைப் பக்கம் கோரா பட்டு, கோரா காட்டன் சேலை என்று நெசவாளர் வாயில் நாள்தோறும் புழங்கும் சொல். காடா தடித்த துணியைக் குறிக்கும் ‘காடா’ என்ற இந்திச் சொல்லிலிருந்து வந்தது, கோராவும் வடக்கிலிருந்து வந்ததுதான். அதற்காக அவற்றைத் தள்ளிவைப்பது சரியில்லை. பிரெஞ்சு இத்தாலியிடம் வாங்கியது, ஆங்கிலம் பிரெஞ்சிடம் வாங்கியது. துணி போகும் பாதையில் சொல்லும் போகிறது. தனித்தமிழே வேண்டும் என்பவர்கள் ‘வெளுக்காத துணி’ என்று விரித்துச் சொல்லலாம், பொருள் கெடாது.

பழுப்பு கலக்காத சாம்பலுக்கு நம்மிடம் இன்னும் நல்ல சொற்கள் சும்மா கிடக்கின்றன. நரை இப்போது தலைமுடியோடு நின்றுவிட்டது. பழைய தமிழில் அது வெண்மையையும் வெள்ளெருதையும் குறித்தது. மயிலை என்ற சொல் மாட்டுச் சந்தையில் உயிரோடு இருக்கிறது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பலுக்கு வரும். வளர்ந்த காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறி, முதுகு வெளிர்ந்து, ஒரே உடம்பில் பல படிச் சாம்பல் ஓடும். மயிலைக்காளை என்று வாஞ்சையோடு சொல்வார்கள்.

தமிழில் வண்ண அட்டை அச்சடிக்கும் நிறுவனங்கள் எல்லாச் சாம்பலையும் கிரே 1, கிரே 2 என்று ஒலிபெயர்த்துத் தள்ளாமல் மயிலை, நரை, கோரா, சாம்பற்பழுப்பு என்று பிரித்துப் பெயரிட்டால் வாங்குபவருக்கு உண்மையிலேயே உதவும். சாம்பல் என்ற ஒரே பெயரின் கீழ் நீலம் பாய்ந்ததும் பச்சை பாய்ந்ததும் பழுப்பு பாய்ந்ததும் கலந்து கிடப்பதால்தான், ஒன்றை நினைத்துக் கேட்டு வேறொன்றைச் சுவரில் பார்த்துத் திகைக்கிறார்கள். அதுவரை கடையில் நாமே சாயலைச் சேர்த்துக் கேட்கவேண்டியதுதான்: “ஆஷ் கலர்ல மஞ்சள் ஓடணும், நீலம் தெரியக்கூடாது” என்று சொல்லி, கால் லிட்டர் மாதிரி வாங்கி, சுவரில் ஓரிடத்தில் அடித்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.