பாட்டி சேலையில் கத்தரி வைப்பதற்கு முன்

குடும்ப நினைவு ஒன்றைத் துணிப் படமாகத் தைக்க ஆசைப்பட்டு என் கைத்தையல் வகுப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய பட்டுச் சேலையோடு வருகிறார்கள். கூடவே பையில் பசையும் இருக்கும். பசையை உள்ளே வைக்கச் சொல்வதுதான் என் முதல் வேலை. அது நாளடைவில் பழுத்துத் துணியை விறைக்க வைக்கும், மடங்கும் இடத்தில் இழை அறும். தையல் பிடிக்கவில்லை என்றால் பிரித்துக்கொள்ளலாம். ஒட்டியதை என்ன செய்வது?

அண்மையில் வந்த ஓர் அக்காவுக்கு, அப்பா சிங்கப்பூரின் செம்பாவாங் கடற்படைத் தளத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும் காட்சி வேண்டும். 1968இல் அந்த இடம் செம்பாவாங் கப்பல் பட்டறையாக மாறுவதற்கு முந்தைய காலம். வானத்துக்கு அம்மாவின் நீலக் காஞ்சிப் பட்டு.

"முந்தானையில வெட்டட்டுமா டீச்சர்?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். பல வருடம் ஒரே மடிப்பில் இருந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் கீறல் விட்டிருந்தது. இத்துப்போன பட்டில் கத்தரி வைத்தால் ஓரம் உதிரும். அதனால் முந்தானையைத் தொடவில்லை. இடுப்பில் செருகும் உள்தலைப்பு திடமாக இருந்தது. அடியில் மெல்லிய மல் துணி வைத்து, இழையோட்டிய பிறகே கைக்குட்டை அளவு வெட்டினோம். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் ஒத்திப் பார்த்ததும் அதற்கு முன்புதான்.

எல்லோரும் முகத்தைத் தைக்க நினைக்கிறார்கள். என் யோசனை: முகம் வேண்டாம், அவரை நினைவுபடுத்தும் ஒரு பொருள் போதும். 1942இல், ஜப்பானியர் ஆட்சியின்போது, இங்கே சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் மூன்று ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்தார்கள், ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். தைத்தவரின் பெயரும் சின்னதாக ஒரு படமும், அவ்வளவுதான். ஆண்கள் பக்கம் இருந்த கணவருக்கு 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல அதுவே போதுமாக இருந்தது.

அக்கா தேர்ந்தெடுத்தது ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குச்சட்டி. ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டை மட்டும் பிரித்து, சாம்பல் நிறத்தில் நெருக்கமாக நிரப்பினார். சக்கரத்துக்குச் சங்கிலித் தையல். கம்பிகளுக்கு ஒற்றை நீளத் தையல், அதை இழுத்துக் கட்டினால் துணி சுருங்கிவிடும். சட்டைக்கு அப்பாவின் பழைய காக்கித் துணியே கிடைத்தது.

சரி, தைத்தாயிற்று. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். கண்ணாடி துணியில் பட்டபடி சட்டமிட்டால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விடச் சொல்லிச் சட்டக் கடையில் அழுத்திச் சொல்லுங்கள், பின்னால் அமிலமற்ற அட்டை கேளுங்கள். வெயில் விழும் சுவரிலும் சமையலறை ஓரத்திலும் மாட்ட வேண்டாம்.

அப்புறம், சட்டத்துக்குக் கொடுப்பதற்கு முன் படத்தின் பின்பக்கம் ஒரு காடாத் துணித் துண்டைத் தைத்து, யார், எந்த ஊர், எந்த வருடம், எந்தச் சேலை என்று நூலாலேயே எழுதிவிடுங்கள். பேனா மை ஈரத்தில் முன்பக்கம்வரை ஊறி வரும்.