சாட்சி, சான்று, கரி: ஒரு விசுவாசச் சொல்லின் வேர்

மட்டக்களப்பு மறைமாவட்டத்தில் எந்தப் பங்கின் திருநாள் மறையுரையைக் கேட்டாலும் ஒரு சொல் தப்பாமல் வந்துவிடும். தன்னாமுனையிலும் கேட்கலாம், ஆயித்தியமலை மாதா திருவிழாவிலும் கேட்கலாம், கல்முனையிலும் கேட்கலாம்: "நீங்கள் கிறிஸ்துவுக்குச் சாட்சிகளாய் வாழ வேண்டும்." அண்மைக் காலத்தில் இதோடு இன்னொரு தொடரும் சேர்ந்து வருகிறது. "உலகப்போக்கில் போகும் இந்தச் சமூகத்தில்" என்று ஆயர்களும் குருக்களும் முன்னே வைத்துத்தான் சாட்சியைப் பற்றிப் பேசுகிறார்கள். உரோமையில் திருத்தந்தையர் சொல்வதும் இதுதான்.

சொல்லைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "சாட்சி எண்டா கோட்டில சொல்றதுதானே, சுவாமி?" என்று கேட்டால், அதைக் குழந்தைத்தனமான கேள்வி என்று தள்ளிவிட முடியாது. சொல் பிறந்த இடமே வழக்குமன்றம்தான்.

சாட்சி வடமொழிச் சொல். 'சாக்ஷி' என்பதன் தமிழ் வடிவம். 'அக்ஷ', 'அக்ஷி' என்றால் கண். முன்னால் நிற்கும் 'ச' உடனிருத்தலைக் காட்டும். கண்ணோடு கூடியவன், அதாவது தன் கண்ணால் கண்டவன் என்பது வேர்ப்பொருள். இலத்தீனில் சாட்சிக்கு 'தெஸ்திஸ்' என்று பெயர். வழக்காடும் இருவருக்கும் அப்பால் மூன்றாவதாக நிற்பவன் என்று அதற்கு விளக்கம் தருவார்கள். வடமொழி கண்ணைப் பார்த்தது, இலத்தீன் நிற்கும் இடத்தைப் பார்த்தது.

தமிழுக்குள் வந்த சாட்சி நன்றாகவே வேரூன்றிவிட்டது. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்ற பழமொழி ஊரில் எல்லாருக்கும் தெரியும். சாட்சி சொல்பவரை நம்பிக் கெட்ட பலரின் அனுபவம் அதில் இருக்கிறது. அக்கினி சாட்சி, கண்கண்ட சாட்சி, பொய்ச்சாட்சி என்று கிளைகளும் பல. அவற்றில் மிக ஆழமானது மனச்சாட்சி. வேறு யாருமே காணாததைக் கண்டுகொண்டு உள்ளே ஒருவர் நிற்கிறார் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது. மனச்சாட்சியை மனிதரின் மிக மறைவான உள்மையம், அங்கே அவர் கடவுளோடு தனித்திருக்கிறார் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் எழுதியபோது, நம் சொல் ஏற்கெனவே சுமந்துகொண்டிருந்த பொருளுக்கு மிக அருகில் வந்தது.

சாட்சி வருவதற்கு முன் தமிழர் என்ன சொன்னார்கள்? 'கரி' என்றார்கள். இன்று கரி என்றால் அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அது சாட்சி. சிலப்பதிகாரத்தில் பூதசதுக்கத்துப் பூதம் பிடித்து உண்ணும் தீயோர் பட்டியலில் 'பொய்க்கரியாளர்' இருக்கிறார்கள், புறங்கூற்றாளருக்குப் பக்கத்திலேயே. பொய்ச்சாட்சி சொல்வது எவ்வளவு பெரிய பாவமாக எண்ணப்பட்டது என்பதற்கு இதுவே போதும்.

குறளிலும் கரி வருகிறது. "ஐந்தவித்தான் ஆற்றல் அகல்விசும்பு ளார்கோமான் இந்திரனே சாலுங் கரி" என்பது 25-ஆவது குறள். புலன்களை அடக்கியவனின் ஆற்றலுக்கு இந்திரனே போதுமான சாட்சி. பரிமேலழகர் இதற்குச் சொல்லும் விளக்கத்தைக் கவனிக்க வேண்டும். இந்திரன் வாய்திறந்து எதையும் சொல்லவில்லை. தான் புலனடக்காமல் சாபம் பெற்று நின்ற அந்த நிலையினாலேயே, அடக்கியவனின் ஆற்றலை உணர்த்தினான். 1060-ஆவது குறளிலும் இதே அமைப்புத்தான்: "நிரப்பிடும்பை தானேயும் சாலும் கரி." இரப்பவன் ஏன் கோபப்படக் கூடாது என்பதற்கு அவனுடைய வறுமையே போதுமான சாட்சி. இரண்டு இடத்திலும் சாட்சி சொல்வது பேச்சு அன்று. ஒருவர் இருக்கும் இருப்பு.

இந்த இரண்டு குறளிலும் கரிக்குப் பக்கத்தில் நிற்கும் 'சாலும்' என்ற சொல் நம் ஆராய்ச்சிக்கு இன்னும் முக்கியம். சால் என்றால் நிறைதல், போதுமானதாதல், தகுதியாதல். 'சாலச் சிறந்தது' என்கிறோமே, அதே சால்தான். அதிலிருந்து பிறந்தவையே சான்ற, சான்றோர், சான்றாண்மை, சான்று. சங்கப் பாடல்களில் சான்றோர் என்பது பண்பில் நிறைந்தவரையும் குறித்தது, போர்க்களத்தில் நிற்கும் வீரரையும் குறித்தது. "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற புறநானூற்று அடி போர்க்கடமை பேசும் பாடலில்தான் வருகிறது. பிற்காலத்தில் சான்று என்பது ஒன்றை மெய்ப்பிக்கப் போதுமானது என்ற பொருளில் நிலைத்தது. கிராம சேவையாளரிடம் போய் நற்சான்றுப் பத்திரம் வாங்குகிறோம். அந்தச் சான்றும் இந்தச் சால் வழி வந்ததே.

எனவே தமிழில் சாட்சிக்கு நேரான சொல் சான்று என்றால், அது வெறும் மாற்றுச்சொல் மட்டும் அல்ல. வடமொழிச் சொல் 'கண்டாயா?' என்று கேட்கிறது. தமிழ்ச் சொல் 'நிறைந்தாயா? நீ போதுமா?' என்று கேட்கிறது. சான்று பகர்பவர் முதலில் சான்றோராக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது.

சான்று பொருளாகவும் இருக்கலாம் என்பதை மட்டக்களப்பு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. வைகாசி பிறந்தால் கண்ணகி கோவில்களில் வழக்குரை பாடும் மண் இது. காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: பாண்டியன் அவையில் கண்ணகி பேசிய பேச்சு மட்டும் வழக்கை வெல்லவில்லை. உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மணி வென்றது. கண்ணகி சாட்சி, சிலம்பு சான்று.

இனி விவிலியத்துக்கு வருவோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'மார்த்துஸ்'. அதுவும் வழக்குமன்றச் சொல்தான். கண்டதைச் சொல்பவர் என்பதே பொருள். உயிர்த்த ஆண்டவர் திருத்தூதரிடம் எருசலேம் தொடங்கி உலகின் கடையெல்லைவரை தமக்குச் சாட்சிகளாய் இருக்கச் சொன்னது இந்தச் சொல்லால்தான். ஆனால் கண்டதைச் சொன்னவர்களைக் கொன்றார்கள். ஸ்தேவானின் இரத்தம் சிந்தப்பட்டதை நினைவுகூரும் பவுல், ஆண்டவரிடம் "உம் சாட்சி" என்று அவரைக் குறிப்பிடுகிறார். திருவெளிப்பாட்டில் கொல்லப்பட்ட அந்திப்பாவும் நம்பிக்கைக்குரிய சாட்சி எனப்படுகிறார். கிறிஸ்துவுக்கும் அதே நூலின் தொடக்கத்தில் அதே பெயர். கொல்லப்பட்டோர் பெருகப் பெருக, சாட்சி என்ற சொல்லே உயிர்கொடுத்தவர் என்று பொருள் மாறியது. மேலைமொழிகளில் 'மார்ட்டிர்' பிறந்த கதை இது.

தமிழில் இதற்கு முன்னோர் வைத்த பெயர் வேதசாட்சி. அந்நாளில் கிறிஸ்தவத்துக்கு வேதம் என்றும், கிறிஸ்தவருக்கு வேதக்காரர் என்றும் பெயர் இருந்ததால் வந்தது. பின்பு வேதம் மறை ஆனது, வேதசாட்சி மறைசாட்சி ஆனார். 1544-இல் மன்னாரில் கொல்லப்பட்டவர்களை நம் மக்கள் இரண்டு பெயராலும் அழைக்கிறார்கள். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்தை மறைசாட்சி என்றே தமிழ்நாட்டுத் திருச்சபை சொல்கிறது. சீர்திருத்தச் சபையார் இரத்தசாட்சி என்பார்கள். அவர்களுடைய கூட்டங்களில் 'சாட்சி சொல்லுதல்' என்பது தம் வாழ்வில் ஆண்டவர் செய்ததை எழுந்து சொல்வது. கத்தோலிக்க வழக்கில் அந்தப் பயன்பாடு குறைவு. நாம் சாட்சிய வாழ்வு என்று வாழ்வின் மேல் வைத்துப் பேசுகிறோம்.

விவிலிய மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்தால் சொல்லின் பயணம் தெரியும். யோவான் முதல் அதிகாரத்தில் பழைய மொழிபெயர்ப்பு "ஒளியைக்குறித்துச் சாட்சிகொடுக்க சாட்சியாக வந்தான்" என்கிறது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு "சான்று பகருமாறு வந்தார்" என்கிறது. சாட்சி கொடுப்பதிலிருந்து சான்று பகர்வதற்கு வந்திருக்கிறோம். இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆளைக் குறிக்க 'சாட்சி' இருக்கட்டும், அது நம் சொல்லாகிவிட்டது. செயலைக் குறிக்கச் 'சான்று பகர்தல்' என்றே எழுதலாம். சொல்லப்பட்டதைக் குறிக்கச் 'சாட்சியம்'. "அவர் ஒரு நல்ல சாட்சியம்" என்று சிலர் எழுதுவது பொருந்தாது. சாட்சியம் ஆள் அல்ல.

மட்டக்களப்பில் இந்தச் சொல்லுக்கு முகங்கள் உண்டு. 1988 ஜூன் 6 அன்று புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவில் நின்று மக்களுக்காகப் பேசியவர். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட், மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு காணாமலாக்கப்பட்டார். திருச்சபை முறைப்படி அறிவித்தால் மட்டுமே மறைசாட்சி என்ற பட்டம் பொருந்தும். அதற்கு முன் அவர்களைச் 'சாட்சிகள்' என்று சொல்ல யாருடைய அறிவிப்பும் தேவையில்லை. திருச்சபையும் இந்த வேறுபாட்டைப் பேணுகிறது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் திருப்பலியில் குண்டுவெடிப்புக்கு இரையாகி இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை 2025-இல் வத்திக்கான் இருபத்தோராம் நூற்றாண்டின் 'விசுவாசச் சாட்சிகள்' பட்டியலில் சேர்த்தது. அதே காலையில் நம் நகரில் சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்கள், அவர்களில் பல சிறுபிள்ளைகள், வேறொரு சபையைச் சேர்ந்தவர்கள். அந்தத் துயரம் மட்டக்களப்பில் எந்தச் சபைக்கும் அந்நியமானதல்ல.

இவற்றைக் கேட்கும்போது சாட்சி என்றால் சாவுதான் என்று தோன்றிவிடக் கூடாது. வத்திக்கான் சங்கமும் திருத்தந்தையரும் கேட்பது பெரும்பாலும் அன்றாட வாழ்வைத்தான். ஆறாம் பவுல் 1975 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட நற்செய்தி அறிவிப்புப் பற்றிய ஊக்கவுரையில், இக்கால மனிதர் போதிப்பவரைவிடச் சாட்சிகளுக்கே விருப்போடு செவிகொடுக்கிறார்கள், போதிப்பவருக்குச் செவிகொடுத்தால் அவரும் ஒரு சாட்சி என்பதாலேயே என்றார். குறளின் 'சாலும் கரி' இதுதானே. கிறிஸ்தவர் வாழும் முறையைப் பார்த்து, 'இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?' என்ற கேள்வி அயலவர் நெஞ்சில் எழ வேண்டும் என்றும் அதே உரை சொல்கிறது.

ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. கேள்வி எழுந்தபின் வாயால் விளக்கவும் வேண்டும், விளக்காத சாட்சி காலப்போக்கில் போதாததாகிவிடும் என்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் குறுந்தொகையின் 25-ஆவது பாட்டு நினைவுக்கு வருகிறது. தலைவன் கைவிட்டால் கேட்க யாரும் இல்லையே என்று தலைவி கலங்குகிறாள். அவன் கூடிய அன்று அங்கே இருந்தது ஒரு குருகு மட்டும். தினைத்தாள் போன்ற சிறு பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. உடனிருந்தும் அது சாட்சியாகவில்லை. அதன் கண் மீனில் இருந்தது; அதற்கு வாயும் இல்லை.

எப்படிப் பேசுவது என்பதற்குப் பேதுருவின் முதல் திருமுகம் வழி சொல்கிறது: உங்கள் எதிர்நோக்கைப் பற்றிக் கேட்பவருக்கு விடையளிக்க எப்போதும் ஆயத்தமாயிருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும். 'கேட்பவருக்கு' என்று இருக்கிறது. சைவரும் இஸ்லாமியரும் பௌத்தரும் ஒரே வீதியில் கடை வைத்திருக்கும் நம் ஊரில் இது உயிர்நாடியான சொல். திருச்சபை ஆள் சேர்ப்பதால் வளர்வதில்லை, ஈர்ப்பதால் வளர்கிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் எழுதினார். சாட்சி வேறு, மதமாற்ற முயற்சி வேறு.

கடைசியாக, அந்த 'உலகப்போக்குச் சமூகம்'. ஆங்கிலத்தில் 'செக்குலர்' என்பார்கள். வேர் இலத்தீனின் 'சேக்குலும்': தலைமுறை, காலம், இவ்வுலக வாழ்வு. பழைய இலத்தீன் பூசையில் 'என்றென்றும்' என்பதற்கு 'பேர் ஒம்னியா சேக்குலா சேக்குலோரும்' என்று பாடியதை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதே சொல்தான்.

தமிழில் இதை எல்லா இடத்திலும் 'மதச்சார்பற்ற' என்று போட்டுவிடுகிறோம். அது அரசைப் பற்றிய சொல். எந்தச் சமயத்தின் பக்கமும் சாயாத ஆட்சி என்பது பொருள். அதைக் கத்தோலிக்கத் தலைவர்கள் எதிர்க்கவில்லை. உலகக் காரியங்களுக்கு அவற்றுக்கேயுரிய நியாயமான தன்னாட்சி உண்டு என்று வத்திக்கான் சங்கமே ஏற்றிருக்கிறது. இலங்கை அரசோ அந்தப் பொருளில் மதச்சார்பற்ற அரசும் அல்ல. 1978 அரசியலமைப்பின் 9-ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 10-ஆம் உறுப்புரை எல்லாருக்கும் மனச்சாட்சி, சமய சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. ஆயர்கள் கவலைப்படுவது இதைப் பற்றி அல்ல. பணம், வெற்றி, அதிகாரம், இன்பம் போதும், விசுவாசம் வலுவற்றவர்களுக்கானது என்று எண்ணும் மனப்போக்கைப் பற்றியே. பதினான்காம் லியோ திருத்தந்தையாகத் தெரிவுசெய்யப்பட்ட மறுநாள், 2025 மே 9 அன்று ஆற்றிய மறையுரையில் இதையே பேசினார். அத்தகைய இடங்களுக்குத்தான் நற்செய்திப் பணி மிகவும் தேவை என்றார்.

இந்தப் பொருளுக்கு 'உலகாயத சமூகம்' என்று சிலர் எழுதுகிறார்கள். உலகாயதம் பழைய தத்துவப் பள்ளி ஒன்றின் பெயர், இங்கே ஒட்டாது. 'உலகியல் சமூகம்' சரியாக வரும். மட்டக்களப்பில் அந்த உலகியலின் முகம் கோவில் வெறுமையாவதில் இல்லை. ஆலயம் நிறைந்துதான் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தவர், திங்கட்கிழமை சீட்டுக்காசிலும் வட்டிக்கணக்கிலும் கந்தோர்க் கோவையிலும் வேறு ஆளாக இருப்பதில்தான் அது இருக்கிறது. விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான இந்தப் பிளவை இக்காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்றாக எண்ண வேண்டும் என்று 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற சங்க ஏடு 43-ஆம் எண்ணில் சொல்கிறது. மறையுரையில் 'உலகியல் சமூகத்தில் சான்று பகருங்கள்' என்று கேட்கும்போது, 'உலகியல்' என்பது ஆலயத்துக்கு வராத யாரையோ குறிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சொல்லின் எல்லைக்குள் நாமும் இருக்கிறோம்.