அண்டோராவுக்குப் போக விசா வேண்டாம், திரும்பி வரத்தான் வேண்டும்

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே, பிரனீஸ் மலை மடிப்புகளுக்குள் 468 சதுர கிலோமீட்டரில் அடங்கிவிடும் நாடு அண்டோரா. இந்தியக் கடவுச்சீட்டோடு சுற்றிப்பார்க்கப் போகிறவர்களிடம் இந்த நாடு விசா கேட்பதில்லை. சுற்றுலா விசா என்ற ஒன்றையே அது வழங்குவதில்லை. "அண்டோரா, இந்தியர்களுக்கு விசா இலவசம்" என்று பயணப் பக்கங்களில் வரும் வரி பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் திட்டம் போட்டவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அண்டோராவில் விமான நிலையம் இல்லை, ரயிலும் இல்லை. உள்ளே போக முறையான வழி இரண்டே. தெற்கே ஸ்பெயினின் லா சேயு துர்ஜெல் ஊரிலிருந்து சான் ஜூலியா தெ லோரியா வழியாக ஏறும் சாலை ஒன்று. வடகிழக்கே பிரான்சிலிருந்து பாஸ் தெ லா காசா வழியாக வரும் சாலை மற்றொன்று. 'அண்டோரா–லா சேயு துர்ஜெல்' என்று பெயர் வைத்த விமான நிலையமே ஸ்பெயின் மண்ணில்தான் இருக்கிறது. ஆகவே அண்டோராவைத் தொடுவதற்கு முன் ஷெங்கன் (ஒரே விசாவில், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர விடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நாடு ஒன்றுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். பார்த்துவிட்டு வெளியே வருவதற்கும் ஷெங்கன் நாடு ஒன்றுக்குள் மறுபடி நுழைந்தே ஆக வேண்டும்.

அண்டோரா ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கன் பகுதியிலும் இல்லை. பார்சிலோனாவில் இறங்கினால் அது முதல் நுழைவு. அண்டோரா எல்லையைக் கடந்த கணத்தில் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கை '01' என்று அச்சாகியிருந்தால், அந்த ஒன்று பார்சிலோனா விமான நிலையத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். ஸ்பெயின் வழியாகப் போய் பிரான்ஸ் வழியாக இறங்கினாலும் கணக்கு மாறாது. இரண்டுமே ஷெங்கன்தான்.

குழப்பம் வருவதற்குக் காரணம் மற்ற குட்டி நாடுகள். லிக்டன்ஸ்டைன் 2011 டிசம்பரிலிருந்து ஷெங்கன் உறுப்பினர். மொனாக்கோவை பிரான்சின் எல்லைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாகவே நடத்துகிறார்கள். சான் மரினோவும் வத்திக்கானும் உறுப்பினர்கள் இல்லை என்றாலும், இத்தாலியிலிருந்து அவற்றுக்குள் போகையில் எல்லைச் சோதனை கிடையாது. இந்த நான்கிலும் சிங்கிள் என்ட்ரி விசாவோடு போய்வந்தவர் அண்டோராவையும் அப்படியே நினைத்துவிடுகிறார். இங்கே சாவடி இருக்கிறது, காவலர் இருக்கிறார், சுங்கம் இருக்கிறது.

"யாருமே பார்க்கவில்லை, பேருந்து நிற்காமல் போய்விட்டது" என்று போய்வந்தவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். எல்லோரையும் நிறுத்துவதில்லை, முத்திரையும் பெரும்பாலும் குத்துவதில்லை. ஆனால் அண்டோராவில் புகையிலையும் மதுவும் மலிவு. அந்தக் கடத்தலைத் தடுக்க, திரும்பும் பக்கத்தில்தான் வண்டிகளை நிறுத்திச் சோதிக்கிறார்கள். பையைச் சோதிக்க நிறுத்திய இடத்தில் கடவுச்சீட்டையும் கேட்கலாம். விசாவில் நுழைவு மிச்சமில்லை என்றால் உள்ளே விட மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அப்போது நிலைமை என்ன என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி பார்சிலோனா விடுதியில், மறுநாள் ஊருக்கு விமானம், நிற்பது விமான நிலையமே இல்லாத நாட்டில், வெளியே போக இரண்டு வழி, இரண்டுக்கும் அதே விசா. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் தலைநகர் அண்டோரா லா வெல்லாவில் தூதரகங்கள் உண்டு. ஆனால் கேட்ட அன்றே சுற்றுலா விசா கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சோதனை நடக்காது என்ற நம்பிக்கையில் சிங்கிள் என்ட்ரியோடு போகவே கூடாது என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வேலை தொடங்க வேண்டிய இடம் விண்ணப்பப் படிவம். ஷெங்கன் படிவத்தில் எத்தனை நுழைவு வேண்டும் என்ற கேள்விக்கு ஒன்று, இரண்டு, பல என மூன்று கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் பலரும் முதல் கட்டத்தில் டிக் செய்துவிடுகிறார்கள். அண்டோரா திட்டத்தில் இருந்தால் குறைந்தது இரண்டு கேட்க வேண்டும். 'பல' என்று கேட்பது இன்னும் நல்லது. அதே பயணத்தில் இடையில் லண்டன் போய்த் திரும்புகிறீர்கள் என்றால் இரண்டும் போதாது, அது மூன்றாவது நுழைவு.

டிக் செய்தால் மட்டும் கிடைத்துவிடாது, காரணம் காகிதத்தில் தெரிய வேண்டும். உறுப்பு நாடுகளின் பட்டியலில் அண்டோரா இருக்காது. ஆகவே பயண நோக்கம் பற்றிய கூடுதல் விவரம் கேட்கும் இடத்தில் எழுதுங்கள்: "5ஆம் நாள் பார்சிலோனாவிலிருந்து அண்டோரா, 8ஆம் நாள் அண்டோராவிலிருந்து பார்சிலோனா, ஆகவே இரண்டாவது நுழைவு தேவை." கவர் லெட்டரிலும் நாள்வாரி அட்டவணையிலும் இதே வரி, இதே தேதிகளோடு வர வேண்டும். அண்டோரா விடுதிப் பதிவையும் போகவரப் பேருந்துப் பதிவையும் சேர்த்து வையுங்கள். தூதரக அதிகாரி மனதில் வைத்துக்கொண்டு தேட மாட்டார். கண்ணில் படுவதைத்தான் பார்ப்பார். அட்டவணையில் அண்டோரா இருந்து படிவத்தில் 'ஒன்று' என்று இருந்தாலும் சரி, படிவத்தில் 'இரண்டு' என்று கேட்டு அட்டவணையில் அண்டோரா இல்லாவிட்டாலும் சரி, ஸ்டிக்கரில் '01' வருவதற்கு அதுவே போதும்.

எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? ஷெங்கன் நாடுகளில் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அங்கே. அண்டோராவில் கழியும் இரவுகள் இந்தக் கணக்கில் சேராது. பார்சிலோனாவில் மூன்று இரவு, அண்டோராவில் ஐந்து, பிரான்சின் துலூஸில் இரண்டு என்றால் ஸ்பெயின். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. இந்தியாவில் ஸ்பெயினுக்கு பிஎல்எஸ், பிரான்சுக்கு விஎஃப்எஸ் மையங்கள் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்கின்றன. முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. "மல்டிபிள் வாங்கித் தருகிறோம்" என்று தனியாகப் பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம்.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு 15 நாளில் வர வேண்டும் என்பது விதி. கூடுதல் ஆவணம் கேட்டால் 45 நாள் வரை நீளலாம். கோடை விடுமுறைக்கும் டிசம்பர் பனிக்காலத்துக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கடினம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே இறங்குங்கள். கடவுச்சீட்டு கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரல் 18 முதல் ஒரு சலுகை நடைமுறையில் இருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசா பெற்று, முறைப்படி பயன்படுத்தியிருந்தால், இரண்டு ஆண்டுக்கான மல்டிபிள் என்ட்ரி விசா வழங்கலாம். அதன் பிறகு, கடவுச்சீட்டில் காலம் இருந்தால், ஐந்து ஆண்டுக்கு. பழைய விசாக்களின் நகலையும் முத்திரைப் பக்கங்களின் நகலையும் விண்ணப்பத்தோடு வைக்க இதுவே போதுமான காரணம்.

கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் மையத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர், கடவுச்சீட்டு எண், செல்லுபடியாகும் தேதிகள், நுழைவு எண்ணிக்கை, தங்கும் நாட்கள். '02' அல்லது 'மல்ட்' என்று இருந்தால் சரி. '01' என்றிருந்தால் அட்டவணையின் நகலோடு தூதரகத்துக்கு உடனே எழுதுங்கள். மாற்றித் தருவது அவர்கள் விருப்பம். மாற்றாவிட்டால் அண்டோராவை அந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். விடுதிப் பணம் போனாலும் பரவாயில்லை.

தங்கும் நாட்களில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் கணக்கில் சேரும். சட்டப்படி அண்டோரா நாட்கள் ஷெங்கன் நாட்கள் இல்லை. ஆனால் வெளியேறியதற்கு முத்திரை இல்லாதபோது நீங்கள் தொடர்ந்து உள்ளேயே இருந்ததாகத்தான் பதிவு சொல்லும். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாக முகமும் விரல்ரேகையும் பதியும் கணினி முறை படிப்படியாக வந்துவிட்டது. அதில் நாட்களைக் கூட்டுவது இயந்திரம். ஆகவே தங்கும் நாட்களைக் கேட்கும்போதே அண்டோராவையும் சேர்த்த மொத்தத்தைக் கேளுங்கள். செலவிடும்போதும் அந்த மொத்தத்துக்குள் நில்லுங்கள். விடுதி ரசீதும் பேருந்துச் சீட்டும் ஊர் திரும்பும் வரை கையில் இருக்கட்டும்.

பிரான்சில் வாழும் நம் மக்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால் அண்டோரா போய்த் திரும்ப விசா வேண்டாம். ஆனால் முதன்முறை அட்டைக்கு விண்ணப்பித்தவருக்குத் தரும் ரெசெப்பிசே என்ற தற்காலிகச் சான்று மட்டும் வைத்திருப்பவரும், அகதிக் கோரிக்கை நிலுவையில் இருப்பவரும் அதைக் கொண்டு ஷெங்கனுக்குள் திரும்ப முடியாது. துலூஸிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம்தானே என்று வார இறுதியில் நண்பர்கள் காரில் ஏறிவிடாதீர்கள். உங்கள் கோரிக்கையின் பலனையே அது பாதிக்கலாம்.

காப்பீட்டிலும் இதே பொறி உண்டு. விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு 'ஷெங்கன் நாடுகள் மட்டும்' என்று எழுதப்பட்டிருந்தால் அண்டோராவில் கால் முறிந்தால் செல்லாமல் போகலாம். பாலிசியில் அண்டோரா பெயர் இருக்கிறதா, அல்லது ஐரோப்பா முழுவதும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பனிச்சறுக்கு உங்கள் திட்டத்தில் இருந்தால் குளிர்கால விளையாட்டுக்கான கூடுதல் பகுதியையும் சேர்க்க வேண்டும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் அண்டோரா அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ் தெ லா காசாவைத் தாண்டி வரும் என்வலிரா கணவாய் 2,408 மீட்டர் உயரம். பனிக்காலத்தில் குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கைப்பேசி விஷயமும் பலரைச் சுடுகிறது. ஐரோப்பிய சிம்கார்டின் இலவச ரோமிங் அண்டோராவில் பொருந்தாது. எல்லையில் நெட்வொர்க் தானாக மாறி, டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் ஓடத் தொடங்கும். எல்லைக்கு முன்பே ரோமிங்கை அணைத்துவிட்டு, விடுதியின் வைஃபையில் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

அண்டோராவின் விற்பனை வரி 4.5 சதவீதம் மட்டுமே என்பதால் கடைத்தெரு இழுக்கத்தான் செய்யும். திரும்பும்போது ஒருவருக்கு 300 சிகரெட், 22 பாகைக்கு மேற்பட்ட மது ஒன்றரை லிட்டர், மின்னணுச் சாதனம் போன்ற பொருட்கள் 900 யூரோ மதிப்பு வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். 1,200 யூரோ கேமரா ஒன்றைக் கணவன் மனைவி இருவர் கணக்கில் பிரித்துக் காட்ட முடியாது. வரம்பு மீறினால் நீங்களாகவே சாவடியில் அறிவித்துவிடுங்கள். ரசீதுகளை ஓர் உறையில் போட்டு, கடவுச்சீட்டு, திரும்பும் விமானச் சீட்டு, விடுதிப் பதிவு, காப்பீடு ஆகியவற்றோடு கைப்பையில் வையுங்கள். பேருந்தின் அடியில் ஏற்றும் பெட்டிக்குள் கடவுச்சீட்டைப் போட்டுவிட்டு மேலே உட்காராதீர்கள். சோதனைக்கு ஏறும் காவலர் இருக்கையில் வந்துதான் கேட்பார்.