பழைய பாட்டை ‘ரிச்’ ஆக்குகிறேன் என்று கெடுக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. பென் ஈ. கிங் பாடி 1961-இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’யின் கவர், அதாவது வேறொருவர் மறுபடி பாடிய வடிவம். பாடியிருக்கும் பிள்ளைகள் திறமைசாலிகள், குரலில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் மிக்ஸ் செய்ய அனுப்பிய ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தால் திரை முழுக்க ட்ராக்குகள், தனித்தனியாகப் பதிந்த ஒலி வரிசைகள். பேடுக்கு (பின்னணியில் நீண்டு ஒலிக்கும் கீபோர்டு ஒலி) மேல் பேட், திரும்பத் திரும்ப ஓடும் ட்ரம் லூப் இரண்டு, முதல் வரியிலிருந்தே துணைக்குரல் ஹார்மனி. கூடவே ஒரு குறிப்பு: “ஒரிஜினல் ரொம்ப சிம்பிளா இருக்கு சார், கொஞ்சம் ரிச் ஆக்கியிருக்கோம்.”

பதிவான ஒலிகளை அளவோடு கலக்கும் மிக்ஸிங்தான் என் தொழில். அறுபதுகளின் பாட்டுகள் இப்படி மூச்சுத் திணறி என்னிடம் வந்து சேர்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஒரிஜினலை நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேளுங்கள். முதலில் பேஸும் கொஞ்சம் தாளக்கருவிகளும் மட்டும். ஏ, எஃப் ஷார்ப் மைனர், டி, ஈ என்று நான்கே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), எட்டு பாருக்கு (தாள வட்டத்துக்கு) ஒரு சுற்று. சரணத்துக்கும் அதே சுற்று, பல்லவிக்கும் அதே சுற்று. கடைசிவரை மாறவே மாறாது. அப்படியென்றால் அலுக்க வேண்டுமே, ஏன் அலுக்கவில்லை? கார்டுக்குப் பதிலாக மற்றதெல்லாம் நகர்கிறது. குரல் ஏறுகிறது, ஸ்டிரிங்ஸ் படிப்படியாக உள்ளே வருகின்றன, நடுவில் பாடகர் ஒதுங்கிக்கொள்ள வயலின்கள் முன்னால் வருகின்றன. அந்த பேஸ் வாசிப்பில் ஸ்வரங்களைவிட இடைவெளிகள் முக்கியம். இந்தப் பிள்ளைகள் முதல் பாரிலேயே பேடைப் போட்டு அந்த இடைவெளிகளை மூடிவிட்டார்கள். பேடும் பேஸும் கீழ் ஸ்வரங்களில் மோதினால் இரண்டுமே தெளிவில்லாமல் கலங்கிவிடும்.

எல்லோரும் சொல்லும் ஒரு சமாதானம் இருக்கிறது: “அந்தக் காலத்தில் வசதி இல்லை, அதனால் சிம்பிளாகப் போட்டார்கள். இருந்திருந்தால் அவர்களும் இப்படித்தான் செய்திருப்பார்கள்.” இதுதான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. ட்ராக்குகள் குறைவு என்பது உண்மை. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளை இரண்டு ட்ராக் டேப்பில்தான் பதிந்தார்கள். ஆனால் ட்ராக் குறைவு என்றால் ஒலியும் குறைவாகத்தான் இருக்கும் என்று யார் சொன்னது? அதே ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலஸின் கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் பல கித்தார்களையும் பல பியானோக்களையும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவைத்து, எதிரொலி அறை வழியாக ஒலியைச் சுவராகவே எழுப்பினார். நெருக்கி அடைக்க நினைத்தவருக்கு அன்றைக்கும் வழி இருந்தது. அடைக்காதவர்கள் வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள்.

டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டியின் இசை நிறுவனமான மோட்டவுன், வீடாக இருந்த ஒரு கட்டடத்தில் இயங்கியது. அறை சின்னது, ஆனால் அறுபதுகளின் நடுவிலேயே எட்டு ட்ராக் வந்துவிட்டது, சிம்பொனி இசைக்குழுவின் வயலின்காரர்களும் வந்து வாசித்தார்கள். அவ்வளவு இருந்தும் அந்தப் பாட்டுகளில் பேஸ் தனியாகக் கேட்கும், டாம்பரின் தனியாகக் கேட்கும். அங்கே பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே பேஸ் கம்பிகளை மீட்டியவர். கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் எப்படி ஒலிக்கும் என்று பார்த்துத்தான் மிக்ஸை முடிவு செய்தார்கள். (இன்றைக்கு உங்கள் பாட்டைப் பெரும்பாலோர் கேட்கப்போவது போன் ஸ்பீக்கரில். அதில் ஒருமுறையாவது போட்டுப் பார்த்தீர்களா?)

சரி, கவர் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்கள்.

முதலில் ஒரு கித்தார், ஒரு குரல். அதில் பாட்டு நிற்கவில்லை என்றால் ஒலியை மெருகேற்றும் ப்ளக்-இன் மென்பொருள் எதுவும் காப்பாற்றாது. பாடி முடித்த பிறகு என்னிடம் வந்து “சரி பண்ணிடுங்க” என்று கேட்காதீர்கள். அடுத்து, ஒவ்வொரு ட்ராக்கையும் ஒருமுறை ம்யூட் செய்து கேளுங்கள். போனது தெரியவில்லையா? அழித்துவிடுங்கள், ‘இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று வைத்திருக்காதீர்கள். ட்ரம்ஸை முழுக்க கிரிட்டில் (கம்ப்யூட்டரின் தாளக் கட்டத்தில்) ஒட்டாதீர்கள். இடது வலது ஒலிகளை ஒன்றாக்கி மோனோவில் கேளுங்கள், கண்டிப்பாக.

குரலை மட்டும் தயவுசெய்து திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள். பீட்டில்ஸ் பத்துப் பாட்டு பதிந்த அந்த பிப்ரவரி நாளின் கடைசியில் ஜான் லெனன் சளி பிடித்த தொண்டையோடு ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ பாடினார். அந்தக் கரகரப்பை ஒருவரும் துடைக்கவில்லை, அதனால்தான் இன்றும் அது நெஞ்சைப் பிடிக்கிறது. நீங்கள் சுருதியைச் சரிசெய்யும் பிட்ச் கரெக்‌ஷனில் தேய்த்துத் தேய்த்து அனுப்பினால், பாடியவர் யார் என்று எனக்கே தெரிவதில்லை. திருத்தாத டேக்கையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். நான் அதைத்தான் முதலில் கேட்பேன்.